என் அறைக்குள்ளால் போக இருந்த குழாய்

எங்கள் வீட்டுக் குசினிக்கு வெளிச்சுவர் கிடையாது. அம்பிட்டியப் பக்கம் மலையை வெட்டி வீடு கட்டியவர்களுக்கு இது புதினமில்லை. குசினியின் பின்பக்கம் கருங்கல் கட்டு, அதற்குப் பின்னால் மலை. வலது பக்கமும் அதே மலைதான் திரும்பிக்கொண்டு வருகிறது. முன்பக்கம் ஹோல். மிச்சம் இருப்பது இடது பக்கச் சுவர் ஒன்றுதான். அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம் என் அறை. ஆக, குசினி அடுப்புப் புகை வெளியே போக வேண்டுமென்றால் ஒன்றில் ஹோலுக்குள்ளால் போக வேண்டும், இல்லாவிட்டால் என் தலைக்கு மேலால் போக வேண்டும்.

மருமகள் என் தலையைத் தேர்ந்தெடுத்தாள்.

அவள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கண்டி டவுனில் ஓர் அரசாங்கக் கந்தோரில் வேலை. மகன் ஏதோ அலுவலாக அந்தக் கந்தோருக்குப் போன இடத்தில் அவளைப் பார்த்துக் கட்டிக்கொண்டான். நாங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். என் புருஷன் தோட்டத்தை விட்டு வந்து, டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலைக்கு நின்று, இந்தக் காணியை வாங்கினார். கலியாணத்துக்கு வந்த அவளுடைய தாய் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்குத் தோசை சுடத் தெரியுமோ?" என்பது. தெரியும் என்று சொன்னேன். என் குரல் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். அதற்குள் அவர் வேறு பக்கம் திரும்பிவிட்டார்.

எனக்குப் பேச்சு வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அங்கும் பாடம் ஒப்பிக்கச் சொன்னால் அழுதுவிடுவேன், எழுதச் சொன்னால் எழுதுவேன். இப்போதும் அப்படித்தான். ஆள் முன்னால் தொண்டையில் நிற்பதெல்லாம் தாளில் வந்துவிடுகிறது.

பிறந்தது லயத்துக் காம்பராவில். ஒரு காம்பராவுக்குள் நாங்கள் எட்டுப் பேர், தாத்தாவின் ஆட்டுக்குட்டி வேறு. உடுப்பு மாற்ற வேண்டுமென்றால் அம்மா ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இந்த அறைதான் என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த, உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள முதல் இடம். அதில் ஒரு கட்டில், ஓர் அலுமாரி, பள்ளத்தைப் பார்த்த ஒரு யன்னல். அவ்வளவுதான். யாராவது புது ஆள் வீட்டுக்கு வந்தால் நான் தேத்தண்ணீரை வைத்துவிட்டு அதற்குள் போய்விடுவேன். அது இல்லாமல் என்னால் முடியாது. இதை நான் யாருக்கும் விளங்கப்படுத்தியதில்லை. விளங்கப்படுத்த ஒருவரும் கேட்டதுமில்லை.

இனி புகைக் கதைக்கு வருகிறேன். பகலில் சமைப்பது நான். அவள் வேலை விட்டு வரும்போது கறி எல்லாம் முடிந்திருக்கும். வந்தவுடன் வாசற்படியில் நின்று மூக்கைச் சுருக்குவாள். செருப்பைக் கழற்றுவதற்கு முதல் மூக்கைச் சுருக்குவாள். குசினியை ஒட்டித்தான் மேல்மாடிப் படிக்கட்டு போகிறது. புகை அதில் ஏறி மேலே அவர்களுடைய அறைக்குப் போய் அவளுடைய சீலை அலுமாரிக்குள் நுழைகிறதாம்.

"கந்தோரில பக்கத்து மேசைக்காரி கேக்கிறாள், இண்டைக்கு உங்கட வீட்டில கருவாடோ எண்டு. எனக்கு முகம் எங்க வைக்கிறது எண்டு தெரியேல்ல."

இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. நான் பக்கத்தில் நிற்கும்போது மகனிடம் சொன்னாள்.

மகன் என்னோடு ஒரு தமிழ் பேசுவான், அவளோடு வேறு தமிழ் பேசுவான். "ஓம், ஓம். ஒரு வழி பாப்பம்" என்றான்.

அந்த வழிதான் புகை இழுக்கிற பேன். கண்ணாடியும் பளபளப்புத் தகடுமாக அடுப்புக்கு மேலே மாட்டுகிற சாமான். கடைக்காரன் அனுப்பிய ஆள், குசினி அலுமாரிகளுக்கு நடுவே பென்சிலால் வட்டம் போட்டுவிட்டுப் போனான். வட்டம் ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவு. என் பக்கத்துச் சுவரில், கூரைத் தட்டுக்குக் கொஞ்சம் கீழே.

இரவு சாப்பாட்டில் எனக்குச் செய்தி சொல்லப்பட்டது.

"மாமி, இது உங்கட இருமலுக்காகத்தான் செய்யிறது."

"எனக்கு இருமல் இல்லையே புள்ள."

"இப்ப இல்ல. வரும்தானே."

மகன் கீரையைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிசைந்து முடிந்த கீரை அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிலிமத்தலாவையிலிருந்து பாஸ் வந்தார். மேசன் வேலைக்கு அந்தப் பக்கத்தில் பேர்போன ஆள், எங்கள் ஆள்தான். வாய் நிறைய வெற்றிலை. கதவைத் தட்டாமல் என் அறைக்குள் வந்து, கட்டிலில் ஏறி நின்று சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். நான் மூலைக்குப் போனேன்.

"இது பாரச்சுவருங்க நோனா," என்று மருமகளிடம் மரியாதையாகச் சொன்னார். "மேல்மாடி பூராவும் இதுமேலதான் குந்தியிருக்கு. செங்கலு சரி, ஆனா மண்சாந்துல கட்டியிருக்காங்க. சும்மா ஒடைக்கேலாது. ரெண்டு பக்கமும் இரும்பு ஜாக் வச்சு முட்டுக் குடுத்து, ஓட்டைக்கு மேல லிண்டல் வச்சு, அப்புறந்தான் பைப்பு."

"அதெல்லாம் நீங்க பாருங்கோ. பிறகு பைப் எப்பிடிப் போகும்?"

"இந்தா, இப்புடி." பாஸ் கையை நீட்டி என் அறைக்குள்ளால் ஒரு கோடு இழுத்தார். கோடு தலையணைக்கு மேலே தொடங்கி, அலுமாரிக்கு மேலால் போய், யன்னலில் முடிந்தது. "யன்னலோட மேல் கண்ணாடிய எடுத்துட்டா நேரா வெளிய போயிரும். கொஞ்சம் எரையும். எண்ணெ ஒழுகுனாலும் ஒழுகும். கட்டில மட்டும் மாத்திடுங்க."

"கட்டில ஹோலில போடலாம். மாமிக்கும் சுகம், டிவி பாக்கலாம்."

நான் டிவி பார்ப்பதில்லை. அது அவளுக்குத் தெரியும். ஹோல் என்பது வாசல் கதவுக்கு நேர் எதிரே இருக்கும் இடம். மின்சார பில்காரன் முதற்கொண்டு பார்த்துவிட்டுப் போவான்.

"மேல வந்து படுக்கிறதெண்டாலும் வரலாம்," என்றாள்.

என் முழங்கால் இரண்டும் அந்தப் படியை மறந்து எவ்வளவோ காலம். அதுவும் அவளுக்குத் தெரியும்.

வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பாஸும் அவளும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குக் காது சூடாகி, கண் தரையில் ஒட்டிக்கொண்டது. பாஸ் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வாயால் செய்ய முடியாத சண்டையைக் கையால் செய்தேன். அவர்கள் வேலைக்குப் போனதும் அலுமாரியை இழுத்து அந்தச் சுவரோடு ஒட்டி வைத்தேன். மாலையில் மகன் அதைப் பழைய இடத்துக்குத் தள்ளினான். மறுநாள் மறுபடியும் இழுத்தேன். அலுமாரியின் கால் ஒன்று போனதுதான் மிச்சம். வெள்ளிக்கிழமை அவள் மரக்கறி மட்டும்தான். அந்த வெள்ளிக்கிழமை கட்டாக் கருவாட்டை நல்ல மிளகாய் போட்டுப் பொரித்து, படிக்கட்டுப் பக்கத்துக் கதவையும் திறந்து வைத்தேன். அவள் வந்தாள், மூக்கைச் சுருக்கினாள், மேலே போய்த் தாய்க்குப் போன் எடுத்தாள்.

"ஓம் அம்மா, வேணுமெண்டுதான்," என்பது மட்டும் எனக்குக் கேட்டது.

அந்தத் தாய் பஞ்சாங்கம் பார்த்துச் சுவர் உடைக்க ஒரு நேரம் குறித்துக் கொடுத்தார். எங்கள் வீட்டில் வீடு குடிபோக நேரம் பார்ப்போம், நிலை வைக்க நேரம் பார்ப்போம். ஓட்டை போட நேரம் பார்த்ததை அன்றைக்குத்தான் கண்டேன். ஆனால் மருமகள் அதில் கடுமை. பல்லுப் பிடுங்கவும் நேரம் பார்த்துப் போனவள்.

குறித்த நாள் காலையில் எல்லாரும் வீட்டில். ஜாக் முட்டுகள் பிலிமத்தலாவையிலிருந்து லொறியில் வர வேண்டும். கொழும்பு ரோட்டில் வாகன நெரிசல் என்று லொறிக்காரன் போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். கடைசியில், எங்கள் சந்து தெரியாமல் வேறு மலையில் ஏறிவிட்டேன் என்றான்.

மகன் செருப்பைப் போட்டுக்கொண்டான். "நான் ரோட்டுக்குப் போய்க் கூட்டிட்டு வாறேன். பாஸ், நான் வர்ற வரைக்கும் ஒண்ணும் தொட்ற வேணாம். என்ன?"

"தொடுவேனா தம்பி? நீங்க போயிட்டு வாங்க."

அவன் படியிறங்கிப் போனான். நான் என் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வரச் சொன்னார்கள், வரவில்லை. கதவு திறந்திருந்தது, குசினி வாசலில் நடப்பது தெரிந்தது. மருமகள் போனைக் குசினி அலுமாரியில் சாய்த்து வைத்திருந்தாள். அதற்குள் சம்பந்தி அம்மா முகம், விபூதியோடு. மருமகள் தேங்காயை உடைத்தாள். நன்றாகத்தான் உடைந்தது.

"நேரம் போகுது பிள்ளை," என்றது போன்.

"பாஸ், ஒருக்காக் கை வையுங்கோ."

"ஜாக் வரலீங்களே நோனா. தம்பி தொட வேணாம்னாரு."

"நான் உடைக்கச் சொல்லேல்ல. நேரத்துக்கு ஒரு அடி. பேருக்கு. மிச்சத்தை அவர் வந்தாப்பிறகு செய்யுங்கோ."

பாஸ் வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். "பேருக்கு அடிக்கிற பழக்கம் நமக்கு இல்லீங்க. நல்ல நேரத்துல கை வச்சா ஒரு கல்லாவது முழுசா எடுத்துரணும். அரைக்கல்லோட நின்னா வேலையும் அரையிலயே நின்னுரும். எங்க அய்யா அப்புடித்தான் சொல்லிக் குடுத்தாரு."

"அது சரிதானே தம்பி," என்றது போன். "ஒரு கல்லை எடுத்துப்போட்டு, மிச்சத்தை ஆறுதலாச் செய்யும்."

"ஒரு கல்லுத்தானே," என்றாள் மருமகள்.

"ஒரு கல்லுத்தான்," என்றார் பாஸ்.

மூன்று பேரும் ஒரு கல்லுக்கு இணங்கினார்கள். பென்சில் வட்டத்துக்கு நேர் மேலே மேல்மாடியைத் தாங்கும் கொங்கிரீட் பீமின் நுனி உட்கார்ந்திருக்கிறது. குசினி அலுமாரி செய்தபோது அழகுக்காக அதைப் பலகை அடித்து மூடிவிட்டார்கள். கடைக்காரன் அனுப்பிய ஆளுக்கும் தெரியாது, பாஸும் பலகையைக் கழற்றிப் பார்க்கவில்லை. எனக்கும் தெரியாது. சுவர் தாங்குகிறது என்று தெரியும், எந்த இடத்தில் என்று யாருக்குத் தெரியும்?

பாஸ் அடித்தார். எனக்கு அது என் தலையணைக்கு மேலே அடித்த மாதிரி இருந்தது. இரண்டாவது அடிக்கு என் பக்கத்துப் பூச்சு வயிறு மாதிரி வீங்கியது. பிறகு அது பொத்தென்று தலையணையில் விழுந்தது. குசினியில் பாஸ் கல்லை ஆட்டி ஆட்டி உருவி எடுத்துவிட்டார்.

"எடுத்தாச்சுங்க!"

அவர் எடுத்தது ஒன்று. அதன் இரண்டு பக்கத்துக் கல்லும் மண்சாந்தை உதிர்த்துக்கொண்டு தாமாகவே வந்தன. அவற்றுக்கு மேலே இருந்த கல் கொஞ்சம் யோசித்துவிட்டு வந்தது. அப்புறம் மேலேயிருந்து கறக்கென்று ஒரு சத்தம், பலா மரக் கொப்பு முறிகிற மாதிரி. மேல்மாடியில் ஏதோ உருண்டு, கதவு ஒன்று அடித்துக்கொண்டது. என் சுவரில் ஓட்டையிலிருந்து ஒரு வெடிப்பு கிளம்பி, கூரைத் தட்டு வரை வளைந்து வளைந்து ஏறியது.



"என்ன சத்தம் பிள்ளை? தேங்காயோ?" என்றது போன்.

மருமகள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மகன் லொறியோடு வந்தபோது பாஸ் இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், கை வைத்தால் நிற்கும் என்கிற மாதிரி. மகன் என்னிடம் என்றைக்கும் கத்தாதவன், அவளிடமும் கத்தாதவன், அன்று சுவரைப் பார்த்துக் கத்தினான். ஜாக் முட்டுகளை இறக்கி, குசினியில் கொஞ்சம், என் அறையில் கொஞ்சம் நிறுத்தினார்கள். என் கட்டிலைச் சுற்றி இரும்புக் கால்கள். நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். தலைமுடி எல்லாம் சுண்ணாம்பு.

பின்னேரம் மகனுடைய கூட்டாளி ஒருவர் வந்தார். சிங்களவர், இஞ்சினியர். டோர்ச் அடித்துப் பார்த்தார், பலகையைக் கழற்றிப் பார்த்தார், மேலே போய்ப் பார்த்தார். மேலே அவர்களுடைய அறைக் கதவு நிலை நசுங்கித் திறக்க முடியாமல் போயிருந்தது. இனி ஒருவரும் மேலே படுக்க வேண்டாம் என்றார். பீமுக்குக் கீழே என் அறைப் பக்கத்தில் ஒரு கொங்கிரீட் தூண் எழுப்ப வேண்டும், அது காயும் வரை இந்த அறையிலும் ஒருவரும் இருக்கக் கூடாது என்றார். சிங்களத்தில்தான் சொன்னார். விளங்கியது. விளங்காத மாதிரி இருந்தேன்.

"அம்மா, எந்திரிங்க," என்றான் மகன்.

நான் எழும்பவில்லை.

"அம்மா, கேக்குதா? கொஞ்ச நாளைக்கு ஹோல்ல படுங்க. தூண் வச்சதும் திரும்ப வரலாம்."

மருமகள் அறை வாசலில் நின்றாள். அவள் கண் ஓட்டையில் இருந்தது. "எப்பிடியும் சுவர் திறந்துதானே கிடக்கு. தூணோட சேத்துப் பைப்பையும் விட்டால் ஒரு வேலையாப் போயிடும்," என்று மகனிடம் மெதுவாகச் சொன்னாள். கல் விழுந்த தூசி இன்னும் அவளுடைய கண் இமையில் இருந்தது. அதற்குள் இந்தக் கதை.

அதைக் கேட்டதும் எனக்குத் தொண்டை திறந்தது. பயத்தில் திறந்ததா ஆத்திரத்தில் திறந்ததா தெரியாது.

"நான் வெளிய வந்தா அந்தக் குழா உள்ள வந்துரும். நான் வரல்ல."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாஸ் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"இப்ப அதா பிரச்சின?" மகன் தலையில் கை வைத்தான். "சுவர் விழப் போகுதும்மா!"

"விழட்டும் எண்டுதான் இருக்கிறா," என்றாள் மருமகள். "பிறகு மருமகள் கொன்றுபோட்டாள் எண்டு ஊர் சொல்லோணும். அதுக்குத்தான்."

அப்படி நான் நினைக்கவில்லை. அவள் சொன்ன பிறகு, அதுவும் மோசமான யோசனை இல்லை என்று பட்டது.

"சரிம்மா, சரி," என்றான் மகன். "பைப் இந்தப் பக்கம் வராது. நான் சொல்றேன். எந்திரிங்க."

என் மகன் நல்லவன். கேட்கிறவர்கள் எல்லாருக்கும் சரி என்பான். காலையில் எனக்கு, மாலையில் அவளுக்கு. அவனுடைய சரியை வைத்து ஒரு சுள்ளி அடுப்பும் எரிக்க முடியாது.

"நீ சொல்லி என்னா? அவ சொல்லட்டும். கற்பூரம் அடிச்சுச் சொல்லட்டும்."

எங்கள் தோட்டத்தில் வாய்ச் சண்டை தீராவிட்டால் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். கற்பூரத்தைக் கொளுத்தி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, எரிகிற சுடரை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை மாற்றினால் குடும்பத்துக்கு ஆகாது. என் மகன் அதை விளையாட்டாக அடித்துவிடுவான். அவளால் முடியாது. பல்லுக்கு நேரம் பார்க்கிறவள் கற்பூரத்தில் பொய் சொல்ல மாட்டாள். அவளை எனக்குப் பிடிக்காது, ஆனால் அந்த அளவுக்கு அவளைத் தெரியும்.

"இதென்ன தோட்டத்துக் கூத்து? நான் ஏன் சத்தியம் செய்யோணும்? நான் என்ன களவெடுத்தனானோ?"

"அப்ப நான் இங்கயே இருக்கேன்."

இஞ்சினியர் மகனிடம் என்ன நடக்கிறது என்று கேட்டார். மகன் ஏதோ சொன்னான். அவர் கூரைத் தட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு இரண்டு அடி பின்னால் போனார்.

"நோனா," என்றார் பாஸ், "அடிக்கிறதுன்னா மனசோட அடிங்க. இது வெளையாட்டில்ல."

"நீர் வாயை மூடும்! ஒரு கல்லாம், ஒரு கல்லு!"

"நீங்கதானேங்க எடுக்கச் சொன்னீங்க?"

"நீர்தானே அரைக்கல்லுக் கதை சொன்னனீர்?"

அவர்கள் இரண்டு பேரும் பிடுங்கிக்கொண்டிருக்கும்போது ஓட்டையிலிருந்து இன்னும் ஒரு கைப்பிடி மண் உதிர்ந்தது. என் மடியில் விழுந்தது. மகன் ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தான். நான் மற்றக் கையால் ஜாக் முட்டைப் பிடித்துக்கொண்டேன். அது அசைந்தது.

"விடுங்க தம்பி! முட்ட ஆட்டாதீங்க!" பாஸ் அலறினார்.

மகன் கையை விட்டான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. பெரிய ஆண்பிள்ளை, தலை நரைக்கத் தொடங்கியவன். அவன் அவளைப் பார்த்தான்.

அவள் சாமித் தட்டிலிருந்து கற்பூரத்தை எடுத்து வந்தாள். என் அறை வாசல்படியில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து அதன்மேல் வைத்துக் கொளுத்தினாள். என்னைப் பார்க்கவில்லை.

"இந்த அறைக்குள்ளால பைப் போகாது. மாமி திரும்பி இந்த அறைக்குத்தான் வருவா. போதுமோ?"

"யன்னலையும் சொல்லு."

பல்லைக் கடித்தாள். "யன்னலிலயும் கை வைக்க மாட்டம்."

உள்ளங்கையால் அடித்தாள். முதல் அடிக்கு அணையவில்லை. இரண்டாவது அடிக்குத்தான் அணைந்தது. கையை இறுக்கி மூடிக்கொண்டு உள்ளே போனாள். சுட்டதா என்று நான் கேட்கவில்லை. நெய் போடு என்றும் சொல்லவில்லை.

பிறகு எழும்பி வந்தேன். கால் மரத்துப்போயிருந்தது. பாஸ்தான் தாங்கிப் பிடித்தார்.

தூண் எழும்பிக் காயும் வரை மூன்று பேரும் ஹோலில். என் கட்டில் ஒரு பக்கம், அவர்களுக்குப் புதிதாக வாங்கிப்போட்ட மெத்தை ஒரு பக்கம், நடுவில் கதிரைகளைக் கவிழ்த்து ஒரு வேலி. அவள் கட்டிய வேலி. நான் இருமினால் அவள் புரண்டு படுப்பாள். இருமல் அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே வந்தது, சீமெந்துத் தூசியில். "சொன்னன்தானே," என்று அவள் மகனிடம் சொல்வது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்கும். உடுப்பு மாற்ற நான் குளியலறைக்குப் போவேன். வீட்டுக்கு யார் வந்தாலும், கட்டிலில் எழும்பி உட்கார்ந்து முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த நாட்களில் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

அவள் பட்டதும் கொஞ்சமில்லை. மேல் அறைக் கதவு திறபடவில்லை, தூண் காயும் வரை அதை உடைக்கவும் இஞ்சினியர் விடவில்லை. சீலைகள் எல்லாம் அந்த அலுமாரிக்குள். கந்தோருக்குச் சீலை இல்லாமல் போக முடியாது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த இரண்டு சீலைகளையும் மாற்றி மாற்றிக் கட்டினாள். மழை நாட்களில் ஈரத்தோடு கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். என் அலுமாரியில் நான் கட்டாத சீலைகள் மடித்தபடி இருந்தன. ஒன்றைத் தரட்டுமா என்று நான் கேட்கவில்லை. தாங்கோ என்று அவளும் கேட்கவில்லை.

குழாய் ஹோலுக்குள்ளால் போனது. போக வேறு வழியில்லை. குசினியிலிருந்து வந்து, அவள் ஆசைப்பட்டு வைத்த புதுக் கண்ணாடி விளக்குக்குப் பக்கத்தால் ஓடி, வாசல் கதவுக்கு மேலே வெளியே வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. அந்தச் சுவரில் பீம் இல்லை என்று இஞ்சினியர் பார்த்துச் சொன்ன பிறகுதான் பாஸ் கை வைத்தார். நேரம் ஒன்றும் பார்க்கவில்லை. பலகை அடித்துக் குழாயை மூடினார்கள். மூடினாலும் இரைச்சல் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் மணியடித்துவிட்டு நின்றால், அன்றைக்கு என்ன கறி என்று தலையில் இறங்கித் தெரிந்துவிடும். அதற்கும் நான்தான் காரணம் என்று தாயிடம் போனில் சொல்கிறாள். என் காதுபடத்தான் சொல்கிறாள்.

தூண் என் அறையில் ஒரு மூலையைத் தின்றுவிட்டது. அலுமாரியைக் கதவுக்குப் பின்னால் தள்ள வேண்டியதாயிற்று. இப்போது கதவு பாதிதான் திறக்கும், ஆள் ஒருக்களித்துத்தான் உள்ளே வரலாம். மகன் அதைச் சரிசெய்து தருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன்.

பூச்சு வேலை முடிந்து, பாஸ் வர்ணம் அடிக்க வந்த அன்று நான் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். மருமகள் அடுப்படியில் நின்றாள், லீவு நாள். எங்களுக்குள் பேச்சு இல்லை. பாஸ் வாசலில் நின்று, தலையை உள்ளே நீட்டி, அவளிடம்தான் கேட்டார்.

"நோனா, ஹோலுக்கு இருக்கிற அதே வெள்ளையவே உள்ளுக்கும் அடிச்சிரட்டுங்களா? தூணுக்கும் சேத்து?"

"என்னை ஏன் கேக்கிறீர்? அவவின்ர அறை. அவவிட்டக் கேளும்."

சட்டியைப் படாரென்று வைத்தபடி சொன்னாள். முகத்தில் அடித்த மாதிரித்தான் சொன்னாள்.

பாஸ் என் பக்கம் திரும்பினார். "என்னா கலர் பெரியம்மா?"

இந்த வீட்டில் யாரும் என்னிடம் நிறம் கேட்டதில்லை. புருஷன் இருந்த காலத்திலும் கடையில் மிஞ்சியதை அவர் கொண்டுவருவார், அதை அடிப்போம். பாஸ் காத்திருந்தார். அவளும் முதுகைக் காட்டிக்கொண்டு காத்திருந்தாள். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் எனக்குக் காது சூடாகும், கண் தரைக்குப் போகும், மற்றவர்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துவிடுவார்கள்.

"இருங்க," என்றேன். "யோசிச்சுச் சொல்றேன்."

"எவ்வளவு நேரம் யோசிப்பீங்க பெரியம்மா? பிரஷ் காஞ்சுரும்."

"காயட்டும்."

மருமகள் புகை இழுக்கிற பேனை முழு வேகத்தில் போட்டாள். குசினி முழுக்க இரைந்தது. நான் மிச்ச மீனையும் கழுவி, செதிலை வழித்து எடுத்து, அவசரப்படாமல் கையைத் துடைத்தேன்.